நடப்பவர் யார்? அடையாற்றங்கரையில் ஒரு சமயக் கேள்வி

எல்லா ஆறுகளும் கடலில் சேர்வதுபோல எல்லாச் சமயங்களும் ஒரே பரம்பொருளிடம் போய்ச் சேர்கின்றன என்பது இந்தியச் சமயப் பேச்சில் தேய்ந்துபோன உவமை. சிவ மகிம்ன ஸ்தோத்திரத்தில் வரும் இந்தக் கருத்தை 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோ சர்வசமயப் பேரவையில் விவேகானந்தர் எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகு அரசியல் மேடையிலிருந்து பள்ளி ஆண்டுவிழா வரை அது புழங்காத இடமில்லை. உவமையை ஏற்பவர்கள் வழிகள் பல என்கிறார்கள். மறுப்பவர்கள் வழி ஒன்றுதான் என்கிறார்கள். இரு தரப்பும் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுவதால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று கவனிக்கப்படாமல் போகிறது. வழி என்று ஒன்று இருந்தால் அதில் நடப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார்? மனிதன் இறைவனை நோக்கி நடக்கிறானா, இறைவன் மனிதனை நோக்கி வருகிறானா, அல்லது நடப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் ‘நான்’ என்பதுதான் தடையா?

உவமையின் பழைய வடிவம் எண்ணிக்கையைப் பற்றியதே அல்ல. முண்டக உபநிடதத்தில் ஆறுகள் கடலில் கலக்கும்போது தம் பெயரையும் உருவத்தையும் இழக்கின்றன. அதுபோல அறிந்தவன் பெயரும் உருவமும் நீங்கிப் பரம்பொருளை அடைகிறான். அங்கே ஆறு என்பது சமயம் அல்ல, ஆள். பல ஆறுகளை ஒப்பிடும் எண்ணமே அதில் இல்லை. பிற்காலத்தில்தான் ஆறு, நடப்பவனிடமிருந்து நடக்கும் வழிக்கு மாறியது. இந்த மாற்றம் சின்னதாகத் தெரிந்தாலும் அதன் விளைவு பெரிது. கரைந்துபோக வேண்டியவன் என்று சொல்லப்பட்டவன் இப்போது வழியைத் தேர்ந்தெடுக்கும் பயணியாகிவிட்டான்.

சென்னையின் தென்புறத்தில் ஓடும் ஒரு சிறிய ஆற்றை ஒட்டி இந்தக் கேள்விக்கு முற்றிலும் வேறுபட்ட விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அடையாற்றுக்கு மலை ஊற்று கிடையாது. தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலம், ஆதனூர், மண்ணிவாக்கம் வட்டாரத்து ஏரிகள் நிரம்பி, கலங்கல் வழியாக வழியும் உபரிநீர் ஒன்றுகூடித்தான் ஆறாகிறது. முடிச்சூர், வரதராஜபுரம், திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று சுமார் 42 கிலோமீட்டர் ஓடி அடையாறு முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. திருநீர்மலைப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் வந்து சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி இது ஆறு என்று சொல்லவே கூச்சப்படும் அளவு மெலிந்து கிடக்கும். 2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது, செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. அன்று ஆறு தன் பழைய அகலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மேற்குத் தாம்பரத்திலும் வீடுகளின் முதல் தளம் மூழ்கியது.

இந்த ஆற்றின் கரையோடு கரையாக முழுத் தூரமும் நடக்க ஒரு பாதை இல்லை. மேற்பகுதியில் ஏரிக்கரை மண்பாதைகளும் மாட்டுத்தடங்களும் உண்டு. சீமைக்கருவேலம் மண்டிய இடங்களில் அவையும் மறைந்துவிடும். நடுப்பகுதியில் சுவர்களும் குடியிருப்புகளும் விமான நிலைய வேலியும் குறுக்கிடுகின்றன. வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகள், தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புதர்க்காடு, கிண்டி தேசியப் பூங்கா ஆகியவை ஆற்றிலிருந்து தள்ளித் தள்ளி நிற்கும் காட்டுத் துண்டுகள். கரையிலேயே மரங்கள் அடர்ந்து நிற்கும் இடம் என்று முகத்துவாரத்தில் பிரம்மஞான சபையின் வளாகத்தைத்தான் சொல்ல முடியும். ஆகவே இங்கே நடப்பவர் தொடர்ச்சியான ஒரு பாதையில் போவதில்லை. விட்டு விட்டு, விசாரித்து விசாரித்து, சில இடங்களில் திரும்பி வந்து, வேறு பக்கமாகச் சுற்றிப் போகிறார். களாவும் காரையும் சூரையும் பின்னிக்கிடக்கும் புதர்க்காட்டின் ஒற்றையடிப் பாதையில் பத்தடிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. ஆறுகள் யாவும் கடல் சேர்வது வரைபடத்தைப் பார்ப்பவருக்குத் தெரியும். பாதையில் இருப்பவருக்குத் தெரியாது. சமய உவமையில் இந்த வேறுபாடு எப்போதும் மறைக்கப்படுகிறது.

ஆற்றின் தலைப்பகுதிக்குக் கிழக்கே, ரயில் பாதையைத் தாண்டி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் இயங்கிவந்த கல்லூரி 1937-இல் சேலையூர்க் காட்டில் கிடைத்த முந்நூற்றைம்பது ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவருடைய மனைவி ஆலிஸும் வளாகத்தின் செடிகொடிகளைப் பிள்ளைகள்போல் பேணினார்கள். இன்றும் வகுப்பறைகளுக்கும் விடுதிகளுக்கும் இடையே அந்தக் காட்டின் மிச்சம் நிற்கிறது. வழி ஒன்றா பலவா என்று உலகக் கிறித்தவம் இருபதாம் நூற்றாண்டில் நடத்திய மிகப் பெரிய விவாதம் நடந்தது இங்கேதான்.

அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு முதலில் சீனாவின் ஹாங்சோ நகரில் கூடுவதாக இருந்தது. ஜப்பானியப் படையெடுப்பால் அது முடியாமல் போக, புத்தம்புதிய கட்டடங்களோடு நின்ற தாம்பரம் கல்லூரி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1938 டிசம்பரில் சுமார் 470 பேராளர்கள் வந்து கூடினார்கள். ஜான் மாட் தலைமை தாங்கினார். மாநாட்டுக்கென்றே ஹெண்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர் ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். இந்தோனேசியாவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். இஸ்லாமையும் ஆசியச் சமயங்களையும் நன்கு படித்தவர். அவருடைய முடிவு கறாரானது. சமயம் என்பது மனிதனின் முயற்சி; மனிதன் கடவுளை நோக்கிக் கட்டும் எந்தப் பாதையும் கடவுளைச் சென்றடையாது; கடவுளே கிறிஸ்துவில் மனிதனிடம் வந்தார், அதை ஏற்பது மட்டுமே மனிதனுக்குள்ள வேலை. கிரேமரைப் பிடிக்காதவர்கள் இதை வெறும் மதவெறி என்று தள்ளிவிடுவதுண்டு. அது நியாயமில்லை. கிறித்தவமும் ஒரு சமயம் என்ற அளவில் அதே தீர்ப்புக்கு உட்பட்டதுதான் என்று அவர் கூறினார். அவர் மறுத்தது பிறருடைய பாதையை மட்டுமல்ல, மனிதனின் நடையையே.

எதிர்ப்பு உள்ளூரிலிருந்தே வந்தது. அதே ஆண்டு சென்னையில் ஒரு குழுவினர் இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தனை செய்யும் கட்டுரைத் தொகுப்பொன்றை வெளியிட்டார்கள். அவர்களில் பி. செஞ்சையா, வி. சக்கரை ஆகிய இருவரும் இந்துக் குடும்பங்களில் பிறந்து கிறித்தவரானவர்கள். தாம் வந்த பாதையை இருட்டு என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. கிறிஸ்துவிடம் தங்களைக் கொண்டுவந்து சேர்த்ததில் அந்தப் பாதைக்கும் பங்குண்டு என்று அவர்கள் கருதினார்கள். இன்னொரு எதிர்ப்பு ஏ. ஜி. ஹாக் என்ற தத்துவப் பேராசிரியருடையது. ராதாகிருஷ்ணனுக்கு ஆசிரியராக இருந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்து முதல்வராகவும் இருந்தவர். ஒருவருடைய விசுவாசம் வேறு, அவர் சார்ந்திருக்கும் சமயக் கோட்பாடுகள் வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார். கோட்பாட்டில் பிழை காணலாம்; ஆனால் ஓர் இந்துவின் ஆழ்ந்த இறைப்பற்றுக்குக் கடவுள் பதில் சொல்லவே இல்லை என்று யார் சொல்ல முடியும் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. கிரேமரின் அளவுகோலையே எடுத்து கிரேமரை அளந்த வாதம் இது. கடவுள்தான் வருகிறார் என்றால், அவர் எந்த வீட்டுக்குப் போகிறார் என்று இறையியலாளர் எல்லை போட முடியாது. அரை நூற்றாண்டு கழித்து, 1988-இல், உலகத் திருச்சபைகள் மன்றம் மீண்டும் தாம்பரத்திலேயே ஒரு கூட்டம் நடத்தி இந்த விவாதத்தைத் தூசு தட்டியது. அப்போதும் அது முடியவில்லை.

மேற்கே ஆற்றை ஒட்டி எழும் திருநீர்மலையில் இதே சிக்கல் வேறு மொழியில் சொல்லப்பட்டிருக்கிறது. நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளில் ஒன்றான இங்கே பெருமாள் நான்கு கோலங்களில் இருக்கிறார். அடிவாரக் கோயிலில் நீர்வண்ணனாக நின்ற கோலம். மலைமேல் அரங்கநாதனாகக் கிடந்த கோலம், சாந்த நரசிம்மனாக இருந்த கோலம், உலகளந்தவனாக நடந்த கோலம். நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தரும் பெருமாள்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. நடந்த கோலத்தையும் சேர்த்து நான்கையும் ஒரே தலத்தில் காண்பதுதான் இதன் சிறப்பு என்று வைணவர்கள் சொல்வார்கள். விஷ்ணுவின் மூன்றடி ரிக்வேதத்திலேயே பாடப்பட்ட பழைய செய்தி. வாமனனாக வந்து மகாபலியிடம் மூன்றடி மண் கேட்ட கதையில் அது முழு உருப்பெற்றது. மண்ணை ஓரடியால், விண்ணை ஓரடியால் அளந்த பின் மூன்றாவது அடிக்கு இடமாகக் கொடுப்பவனின் தலைதான் எஞ்சியது. இங்கே நடப்பவர் கடவுள். மனிதன் இருந்த இடத்திலேயே இருக்கிறான், அடி அவன்மேல் வந்து படிகிறது.

தலபுராணம் இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்க்கிறது. திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். நடந்து போகவும் முடியாமல், திரும்பிப் போகவும் மனமில்லாமல், நீர் வடியும் வரை ஆறு மாதம் எதிர்ப்புறத்தில் தங்கியிருந்து பிறகுதான் சேவித்தார் என்பது கதை. ஏரிகளும் கால்வாய்களும் சூழ்ந்த இந்தத் தாழ்நிலத்தில் மழைக்காலம் என்ன செய்யும் என்பதை 2015-இல் கண்டவர்களுக்குக் கதையின் வெள்ளத்தை நம்புவதில் சிரமம் இருக்காது. ஊர் ஊராகச் சென்று அதிகமான திருப்பதிகளைப் பாடிய ஆழ்வார் அவர். அப்படிப்பட்ட பெருநடையரைக் கால் கட்டி உட்காரவைத்த தலம் இது. நடப்பதற்கு ஒரு சமயத் தகுதி உண்டு என்றால், நடக்க முடியாமல் காத்திருப்பதற்கும் அது உண்டு என்று இந்தக் கதை ஒத்துக்கொள்கிறது.

ஆழ்வார்களின் பாடல்களை இறையியலாக்கிய ஆசாரியர்களிடையே இந்த இடத்தில்தான் பிளவு வந்தது. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் வாயால் கவ்வித் தூக்கிச் செல்கிறது. சரணாகதியில் உயிர் எதைப் போன்றது? வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார், அருளே முதன்மை என்றாலும் சரணடைதல் என்ற ஒரு சிறு செயல் உயிரின் பங்காக இருக்க வேண்டும் என்பார்கள். பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார் அந்தச் சிறு செயலையும் உபாயமாகக் கணக்கில் எழுத மறுப்பார்கள். உபாயமும் உபேயமும் பெருமாளே; சேரவேண்டிய இடமும் சேர்க்கும் வழியும் அவனே. தென்கலை வாதத்தைக் கடைசி வரை கொண்டுபோனால் பாதை என்று தனியாக ஒன்று மிஞ்சாது. தாம்பரத்தில் கிரேமர் சொன்னதற்கு இது எவ்வளவு அருகில் வருகிறது என்பது வியப்பூட்டுவது. ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த ஒற்றுமையைக் கண்டு இந்தியாவின் அருட்சமயத்தையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு 1930-இல் ஒரு நூலே எழுதினார். கிரேமர் இந்த ஒப்புமையை ஏற்கவில்லை. வரலாற்றில் ஒருமுறை நடந்த வருகையும் புராணத்தில் பலமுறை நிகழும் அவதாரமும் ஒன்றல்ல என்பது அவருடைய நிலை. அந்த வேறுபாடு உண்மையானதுதான். ஆனால் ‘யார் நடக்கிறார்’ என்ற கேள்விக்குக் கிரேமரும் தென்கலையாரும் தரும் விடை ஒன்றே. வழிகளின் எண்ணிக்கையில் எதிரெதிராக நிற்பவர்கள் நடப்பவர் யார் என்பதில் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

பக்கத்துப் பல்லாவரத்தில் மலைச்சரிவில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகை ஒன்று இன்று தர்காவாக இருக்கிறது. ஒரே பாறையில் ஒரு வழிபாடு போய் இன்னொன்று வந்தது பற்றி வரலாற்றாசிரியர்கள் பேசட்டும். இங்கே வேண்டியது வேறொன்று: தொழுகையின் ஒவ்வொரு சுற்றிலும் முஸ்லிம்கள் ஓதும் பாத்திஹா அத்தியாயம் நேர்வழி காட்டும்படி இறைவனிடம் கேட்கிறது. நடப்பது மனிதன், நடத்திச் செல்வது இறைவன். வழியை அறிந்துவிட்டதாக அங்கே உரிமை கோரப்படுவதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கப்படுகிறது.

நந்தம்பாக்கத்துக்குத் தெற்கே பரங்கிமலையும், சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையை ஒட்டிச் சின்னமலையும் புனித தோமாவின் பெயரோடு இணைந்தவை. தோமா சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார், பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார், சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. முதல் நூற்றாண்டுக்கு அதைக் கொண்டுபோகும் உறுதியான சான்று இல்லை. 1547-இல் பரங்கிமலையில் போர்த்துகீசியர் கண்டெடுத்த பஹ்லவி எழுத்துச் சிலுவை மிகப் பிந்தையது. ஆனால் வழி பற்றிய விவாதத்தில் தோமாவுக்குத் தனி இடம் உண்டு. யோவான் நற்செய்தியில், இயேசு தாம் போகும் இடத்தைப் பற்றிப் பேசும்போது குறுக்கிட்டு, போகுமிடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று கேட்டவர் இந்தத் தோமாதான். தாமே வழி என்று இயேசு சொன்னது அதற்குப் பதிலாக. ஒரே வழிக் கொள்கைக்கு ஆதாரமாகக் காலங்காலமாக எடுத்துக்காட்டப்படும் அந்த வசனத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். கேள்வி ஒரு நடையாளியின் நியாயமான ஐயம்: சேருமிடம் தெரிந்தால்தானே வழியைத் தேர முடியும்? பதில் அந்த ஐயத்தைத் தீர்க்காமல் அதன் தளத்தையே மாற்றுகிறது. இடத்தைப் பற்றிக் கேட்டவருக்கு ஓர் ஆள் கிடைக்கிறார். சேருமிடமும் வழியும் ஒருவரே என்ற திருநீர்மலை இறையியல் சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மரபில் மறுபடியும் தலைகாட்டுகிறது.

இறையியல் நுணுக்கங்களுக்கு வெளியே வழியை வேறுவிதமாகப் புரிந்துகொண்டவர் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆர்மீனிய வணிகர் பெட்ருஸ் உஸ்கான். பரங்கிமலை ஏறும் யாத்திரிகர்களுக்காகப் படிக்கட்டு அமைத்தார். அவர்கள் ஆற்றைக் கடக்கச் சைதாப்பேட்டையில் 1726-இல் பாலம் கட்டிக் கொடுத்தார். மர்மலாங் பாலம் என்று பெயர்பெற்றிருந்த அதன் இடத்தில் இப்போது மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. பழைய பாலத்தின் நினைவுக்கல் மட்டும் பக்கத்தில் இருக்கிறது. சத்திரம், சாவடி, சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல் என்று வழிப்போக்கருக்குச் செய்வதை அறமாகக் கருதிய தமிழ்ச் சமூகத்துக்கு இது அந்நியமாகத் தோன்றியிருக்காது. பாலத்தில் போகிறவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று பாலம் கேட்பதில்லை. சந்தைக்குப் போனவரும் அதில்தான் போனார்.

ஆறு அகன்று கழிமுகமாகும் இடத்தில் தென்கரையில் பிரம்மஞான சபை. 1875-இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் மற்றவர்களும் தொடங்கிய இந்தச் சபை 1882 டிசம்பரில் அடையாற்றுக்கு வந்தது. எல்லாச் சமயங்களும் ஒரே ஆதி ஞானத்தின் கிளைகள் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. வளாகத்தில் ஓர் இந்துக் கோயில், ஒரு தேவாலயம், புத்த ஆலயம், பள்ளிவாசல், பார்சி கோயில், குருத்வாரா ஆகியவை மரங்களுக்கு நடுவே சிறிது சிறிதாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிழலில் நடந்தே போய்விடலாம். ஆறுகள் உவமையைத் தரையில் வரைந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும். வளாகத்தின் புகழ்பெற்ற ஆலமரத்தின் நடுமரம் 1989-இல் புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் தாமே மரங்களாகி நிற்கின்றன. மூலம் ஒன்று, கிளைகள் பல என்று கற்பித்த சபையின் தோட்டத்தில் மூலம் மறைந்து கிளைகள் மட்டும் தழைத்திருப்பது, அக்கொள்கைக்கு ஆதரவா எதிர்ப்பா என்று சொல்வது கடினம்.

நடப்பவர் யார் என்ற கேள்விக்குச் சபையின் விடை தெளிவானது. மனிதன் நடக்கிறான், பல பிறவிகளில், படிப்படியாக, குருமார்களின் துணையோடு மேலேறுகிறான். அன்னி பெசன்ட் 1895 டிசம்பரில் அடையாற்றில் ஆற்றிய நான்கு உரைகள் சீடத்துவத்தின் பாதை என்ற தலைப்பிலேயே நூலாயின. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நாற்படி சொல்லும் சைவ சித்தாந்தம் படிகளின் முடிவில் அருளை வைத்தது. பிரம்மஞானிகள் அந்த இடத்தில் பரிணாமத்தை வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்னேற்ற நம்பிக்கை ஆன்மிகப் பயணத்துக்குள் நுழைந்த கதை இது.

இந்தக் கரையிலேதான் அந்தப் பாதை உடைந்தது. 1909-இல் அடையாறு கடற்கரையில் சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் ஒரு சிறுவனைக் கண்டு, வரப்போகும் உலக ஆசானுக்கு உரிய உடல் இவன் என்று அறிவித்தார். சபையில் வேலை பார்த்த நாராயணய்யாவின் மகன் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவருக்காக 1911-இல் ஓர் அமைப்பே உருவாக்கப்பட்டது. 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமன் முகாமில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், அவர் அதைக் கலைத்தார். உண்மைக்கு வழி என்று ஒன்று கிடையாது, எந்தச் சமயத்தாலும் எந்தப் பிரிவாலும் அதை அணுக முடியாது என்றார். வழிகள் பல என்ற கொள்கையின் தலைப்பிள்ளையாக வளர்க்கப்பட்டவர், வழி ஒன்று என்பவர்களும் எதிர்பார்க்காத மூன்றாவது விடையோடு வெளியேறினார்.

அவருடைய வாதத்தின் உள்ளீடு பிற்கால உரைகளில்தான் விளங்குகிறது. வழி என்றால் சேருமிடம் அசையாமல் ஓரிடத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வழி உண்டு, ஏனென்றால் வீடு நகராது. உயிருள்ளது எதுவும் அப்படி நிற்பதில்லை. அதோடு, வழி என்பது காலத்தைக் கோருகிறது: இன்று பேராசைக்காரன், நாளை நல்லவன் ஆவேன் என்ற ஒத்திவைப்பு. ‘ஆகப்போகிறேன்’ என்று நடப்பவன் தன்னைத்தான் நீட்டித்துக்கொள்கிறான். தான் நோக்கிப் போகும் இலக்கும் அவனுடைய கற்பனையே. நோக்குபவனும் நோக்கப்படுவதும் வேறல்ல என்று பார்க்கும்போது நடையும் நின்றுவிடுகிறது. பெயரும் உருவமும் இழக்கும் ஆறு என்று முண்டகம் சொன்னதற்கு, பல ஆறுகள் உவமையைவிட இது நெருக்கமானது. உபநிடதங்களை மேற்கோள் காட்டுவதை கிருஷ்ணமூர்த்தி விரும்பவில்லை என்பது வேறு விஷயம்.

பாதையை மறுத்த இவர் வாழ்நாள் முழுவதும் விடாமல் நடந்தவர். வடகரையில் கிரீன்வேஸ் சாலையில் உள்ள வசந்த விஹாரில் குளிர்காலங்களில் தங்கியபோது மாலைகளில் அடையாறு கடற்கரையில் வேகமாக நடப்பார். பிரம்மஞான சபை வளாகத்துக்குள் பல பத்தாண்டுகள் காலடி வைக்காதிருந்தவர், ராதா பர்னியர் அதன் தலைவரான 1980-இல்தான் மீண்டும் உள்ளே போனார். அவருடைய நாட்குறிப்பு நூல்களில் பத்திக்குப் பத்தி மரம், ஆறு, பறவை, வழியில் எதிர்ப்பட்ட ஏழைப்பெண் என்று நடையின் காட்சிகள்தான் முதலில் வரும்; தத்துவம் பிறகு வரும். போய்ச்சேர இடமில்லாத நடை அவருக்குப் பாதை ஆகவில்லை. கவனம் கலையாத நேரம் மட்டுமே அது. காட்டுத்தடத்தில் நடக்கிறவர்களில் பலர், எந்தச் சமயமும் இல்லாதவர்களும்கூட, இதை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆனால் அதையே ஓர் உத்தியாகப் பயன்படுத்தலாமா என்று கேட்டால் அவர் உடனே மறுத்திருப்பார். தியான முறைகளை அவர் மறுத்ததும் அதே காரணத்தால்தான்.

வழி பல, வழி ஒன்று, வழியே இல்லை என்ற மூன்று விடைகளுக்கும் பொதுவான ஓர் ஆட்சேபத்தை லெஸ்லி நியூபிகின் எழுப்பினார். 1936-இல் தமிழ்நாட்டுக்கு வந்து, 1965 முதல் 1974 வரை தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக இருந்தவர். குருடர்கள் யானையைத் தடவிப் பார்த்த கதையை எல்லாச் சமயமும் உண்மையின் பகுதியே என்பதற்குச் சொல்வார்கள். அந்தக் கதையைச் சொல்ல, யானை முழுவதையும் பார்க்கும் கண்ணுள்ள ஒருவர் வேண்டும். பணிவுபோல் தோன்றும் கதை, சொல்பவருக்கு எல்லோரையும்விட உயர்ந்த இடத்தைக் கொடுத்துவிடுகிறது என்று அவர் 1989-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். ஆறுகள் உவமைக்கும் இது அப்படியே பொருந்தும்: எல்லா ஆறுகளும் ஒரே கடலில் சேர்வதைக் கண்டவர் எந்த ஆற்றில் இருக்கிறார்? நியூபிகின் தம் முடிவாக வைத்தது, தாம் ஒரு பாதையில் நடப்பவர் என்பதை ஒளிக்காமல், அந்தப் பாதையின் சாட்சியை மட்டும் சொல்வது. ஆட்சேபம் பன்மைவாதியோடு நிற்காது. ஒரே வழி என்பவரும் மற்ற எல்லா வழிகளின் முடிவையும் பார்த்துவிட்டவர்போலத்தான் பேசுகிறார். வழியே இல்லை என்று சொல்லவும் காடு முழுவதையும் அறிந்திருக்க வேண்டும். கிருஷ்ணமூர்த்தியிடம் இந்தக் கடைசி ஆட்சேபத்துக்கு ஒரு பதில் இருந்தது. தாம் சொல்வதை ஏற்கவும் வேண்டாம் மறுக்கவும் வேண்டாம், கேட்பவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று 1986 ஜனவரியில் வசந்த விஹாரில் ஆற்றிய கடைசிப் பொது உரைகள் வரை திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்டவர்கள் பெரும்பாலும் அடுத்ததாகக் கேட்டது, அதை எப்படிச் செய்வது என்பதைத்தான்.